96 வீடுகள் கொண்ட குடியிருப்பு தனக்கு வேண்டிய காய்கறியைத் தானே விளைவித்துக்கொள்ள முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தை அடுத்துள்ள உங்கள் குடியிருப்பில் 96 வீடுகள், ஏறத்தாழ 320 பேர். மொட்டை மாடி 600 சதுர மீட்டர். பின்புறச் சுற்றுச்சுவரை ஒட்டி மூன்று கிரவுண்டு காலியிடம் கிடக்கிறது. எல்லோரும் சேர்ந்து தோட்டம் போட்டால் இரண்டு ஆண்டுகளில் கடையில் காய் வாங்குவதை நிறுத்திவிட முடியுமா, செலவு எவ்வளவு ஆகும் என்பது கேள்வி. கடைசி வரியில், பிள்ளைகளுக்கு மருந்தடிக்காத காய் கொடுக்க வேறு வழி தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். காய் எங்கே விளைகிறது என்பதைவிட, அது எப்படி விளைகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் நீங்கள் தேடுவது.

நான் தோட்டக்கலை படித்தவன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையிலும் செங்கல்பட்டு வட்டாரத்திலும் மாடித் தோட்டங்களையும் குடியிருப்புத் தோட்டங்களையும் உடனிருந்து பார்த்து வருகிறேன். தழைத்தவையும் உண்டு, இரண்டாவது கோடையில் காய்ந்து, காலிப் பைகள் மட்டும் மிஞ்சியவையும் உண்டு. என் சுருக்கமான பதில் இதுதான்: உங்கள் இடம் உங்கள் காய்கறித் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தரும். கீரையைப் பொறுத்தவரை கணிசமாகத் தரும். மீதியை, ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் நான்கைந்து உழவர்களிடம் நேரே பேசி வாங்க முடியும். தோட்டத்தையும் இந்த ஏற்பாட்டையும் ஒரே வேலையாகப் பார்த்தால் நீங்கள் விரும்பியது நடக்கும். தோட்டத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கணக்கைப் பார்ப்போம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, கீரை சாப்பிடச் சொல்கிறது. 320 பேருக்கு ஆண்டுக்கு 46 டன்னுக்கு மேல் வருகிறது. நாம் நடைமுறையில் அதில் பாதியைத்தான் சாப்பிடுகிறோம் என்றாலும் 23 டன் வேண்டும். இப்போது இடம். மாடியில் தண்ணீர்த் தொட்டி, சூரிய வெந்நீர்க் கலன், துணி காயப்போடும் இடம், நடைபாதை எல்லாம் போக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 200 சதுர மீட்டர், பயிருக்குக் கிடைத்தால் நல்லது. மூன்று கிரவுண்டு என்பது 670 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வரப்பும் நடைவழியும் உரக்குழியும் போகப் பாத்தி 400 சதுர மீட்டர் தேறும். ஆக 600 சதுர மீட்டர். நான் பார்த்த தோட்டங்களில் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட பாத்தி ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 கிலோ வரை தந்திருக்கிறது. அப்படியானால் உங்களுக்குக் கிடைப்பது மூன்றரை முதல் ஐந்து டன்னுக்குள். இந்த 6, 8 என்ற எண்கள் என் அனுபவத்தில் வந்தவை. உங்கள் வெயிலும் தண்ணீரும் வேறாக இருந்தால் மாறும். ஆனால் 46 டன்னுக்கும் ஐந்து டன்னுக்கும் உள்ள இடைவெளி எந்தத் திறமையாலும் மூடக்கூடியது இல்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

இதற்கு எதிராகக் கியூபாவின் தலைநகர் ஹவானாவை எடுத்துக்காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்த நகரத்தின் கதையை முழுமையாகத் தெரிந்துகொள்வது நல்லது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய், உரம், தானியம் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நின்றுபோயின. நகரத்தில் கிடந்த காலி மனைகளில் சிமெண்ட் கட்டைகளாலும் பலகைகளாலும் தொட்டி போல் அடைத்து, உள்ளே மக்கிய உரமும் மண்ணும் கொட்டி, மக்கள் காய்கறி போட்டார்கள். இவற்றை ஆர்கனோபோனிகோ என்கிறார்கள். நிலத்தை அரசு வாடகையின்றி அனுபவ உரிமையாகக் கொடுத்தது. நகரின் கிழக்கே அலமார் பகுதியில் 1997இல் தொடங்கிய கூட்டுறவுத் தோட்டம் பத்து எக்டேர் அளவுக்கு வளர்ந்து, விளைந்ததை வாசலிலேயே சுற்றுவட்டார மக்களுக்கு விற்றது. இப்படிப்பட்ட தொட்டிகளில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 20 கிலோ வரை எடுக்க முடியும் என்று ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு சொல்லியிருக்கிறது. உங்கள் 600 சதுர மீட்டரில் அந்த உச்சத்தையே எட்டினாலும் 12 டன்தான் வரும், கால் பங்கு. தவிரவும், அங்கே வேலை செய்தவர்களுக்கு அதுவே முழுநேரத் தொழில். அப்படியும் கியூபா தன் உணவில் பெரும்பகுதியை, குறிப்பாகக் கோதுமையையும் அரிசியில் கணிசமான பங்கையும், இறக்குமதி செய்தே வந்திருக்கிறது. ஹவானா மெய்ப்பித்தது ஒன்றுதான்: பச்சைக் காய்களையும் கீரையையும் ஒரு நகரம் தனக்குள்ளேயே பெருமளவில் விளைவித்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பரவலான, குடும்பங்கள் வாடகைக்கு எடுத்துக் காய் போடும் பொதுத் தோட்டத் துண்டுகளின் வழக்கமான அளவும் 250 சதுர மீட்டர். ஒரு குடும்பத்தின் காய்கறிக்கு அவ்வளவு வேண்டும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. உங்களிடம் ஒரு வீட்டுக்கு இருப்பது ஆறு சதுர மீட்டர்.

அந்த ஆறு சதுர மீட்டரை எதற்குச் செலவிடலாம்? கீரைக்கு என்று தயங்காமல் சொல்வேன். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் 25 முதல் 30 நாளில் கைக்கு வருகின்றன. ஒரு சதுர மீட்டரில் ஒரு தடவைக்கு ஒரு கிலோ கிடைக்கும். பாத்தி ஓய்வெடுக்கும் நாட்களையும் ஐப்பசி, கார்த்திகை மழையில் அழுகிப்போவதையும் கழித்தாலும் ஆண்டுக்கு எட்டு முறை அறுக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்துக்கு இரண்டு கட்டு, கட்டுக்குக் கால் கிலோ என்று வைத்தால் 96 வீட்டுக்கு வாரம் 48 கிலோ, ஆண்டுக்கு இரண்டரை டன். அதற்கு 310 சதுர மீட்டர் போதும். உங்கள் பாத்தியில் பாதி. இது எட்டக்கூடிய இலக்கு. கீரையைத் தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பறித்த சில மணி நேரத்தில் வாடுவதும், தொலைவிலிருந்து வந்தால் தரம் கெடுவதும், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாமல் இருப்பதும் கீரையில்தான் அதிகம். மீதிப் பாதியில் வெண்டை, கத்தரி, கொத்தவரை, மிளகாய் போடுங்கள். சுற்றுச்சுவர் ஓரமாகப் பந்தலிட்டுப் புடலை, பாகல், பீர்க்கு ஏற்றுங்கள். மூலைகளில் முருங்கை இரண்டு, கறிவேப்பிலை நான்கு, பப்பாளி நான்கு. வெங்காயம், உருளை, கேரட், பீன்ஸ் இவற்றை மறந்துவிடுங்கள். அவற்றை நாசிக்கும் நீலகிரியும் நம்மைவிட நன்றாகச் செய்கின்றன.

மாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் ஆபத்தான தவறு செய்கிறார்கள். ஆட்கள் ஏறி நடமாடும் தட்டையான மாடிக்கு இந்தியத் தர விதி எடுத்துக்கொள்ளச் சொல்லும் பயன்பாட்டுப் பளு சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில்தான் இருக்கிறது. நனைந்த செம்மண்ணை அரையடி உயரத்துக்குப் பரப்பினாலே 270 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே மாடியில் மண் பாத்தி கூடவே கூடாது. வளர்ப்புப் பையும் கணக்கில்லாமல் வைக்கக்கூடாது. ஒரு குடியிருப்பில், வடகிழக்கு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, அங்கிருந்த பழைய பேப்பர் கடைத் தராசைக் கேட்டு வாங்கி மாடிக்கு ஏற்றி, ஒரு பையைத் தூக்கி நிறுத்தினோம். தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் கொஞ்சம் மண்ணும் கலந்து முக்கால் அளவு நிரப்பிய பை. காய்ந்திருந்தபோது ஒரு கையால் தூக்கிய அந்தப் பை அன்றைக்குப் பதினெட்டு கிலோ காட்டியது. அடியில் துளை அடைத்துக்கொண்டு, தூக்கியபோது கருப்பாகத் தண்ணீர் வழிந்தது. அப்படி ஒன்பது பைகளை ஒரு சதுர மீட்டரில் நெருக்கி வைத்தால் 160 கிலோவுக்கு மேல்; அதன் மேல் தண்ணீர் ஊற்ற நாலு பேர் நிற்பார்கள். சதுர மீட்டருக்கு நான்கு பை, அதுவும் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலாக வரிசை, அடியில் காற்றுப் புகும்படி இரும்புத் தாங்கி என்பது நான் பின்பற்றும் ஒழுங்கு. ஆனாலும் உங்கள் கட்டடம் எவ்வளவு தாங்கும் என்று தோட்டக்காரன் சொல்லக்கூடாது. கட்டுமானப் பொறியாளர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்து எழுத்தில் கொடுக்கட்டும். தளத்தின் நீர்க்காப்புப் பூச்சையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மேல்தளத்து வீட்டுக் கூரையில் ஒரு ஈரத் திட்டு தெரிந்தால் போதும், எந்தச் சங்கத்திலும் தோட்டத்துக்கு மறு ஆண்டு அனுமதி கிடைக்காது.

அரசின் உதவியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சென்னையிலும் கோவையிலும் 2013-14இல் தொடங்கிய மாடித் தோட்டத் திட்டத்தில் பைகள், நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள், டிரைக்கோடெர்மா என்ற நோய் தடுக்கும் பூஞ்சை, வேப்பெண்ணெய் முதலியவற்றைத் தொகுப்பாக மானிய விலையில் கொடுத்தார்கள். பின்னர் அது வெவ்வேறு பெயர்களில் தொடர்ந்து வந்திருக்கிறது. விலையும் உள்ளடக்கமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தனி வீட்டுக்கு அந்தத் தொகுப்பு நல்ல தொடக்கம். 96 வீட்டுத் தோட்டத்தை நிலைக்க வைப்பது தொகுப்பு இல்லை, தண்ணீரும் ஆளும்தான்.

சென்னைப் பகுதியில் ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் அளவு. அதில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பங்குனி முதல் ஆனி வரை ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று வையுங்கள். 600 சதுர மீட்டருக்கு 3,000 லிட்டர். நகரத்தில் ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுவோரின் அளவுகோல். எனவே உங்கள் தோட்டம் இருபத்திரண்டு பேரின் தண்ணீரைக் குடிக்கும். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடங்கள் லாரிக்குக் காத்திருந்தபோது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது சரியா என்ற சண்டை பல குடியிருப்புகளில் நடந்தது. சண்டையில் நியாயம் இருந்தது. ஆகவே கோடையில் பாத்தியில் பாதியைச் சும்மா விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். அந்த நிலத்தில் பலதானியம் விதைத்து மடக்கி உழலாம் அல்லது காய்ந்த இலையால் மூடிப் போடலாம். மீதிப் பாதிக்குச் சொட்டுநீரும் நிழல்வலையும் வையுங்கள். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று பலரும் கேட்பார்கள். அதில் உப்பு செறிந்திருக்கும். அவ்வப்போது மழை கழுவிவிடும் நிலத்தில் தென்னைக்கோ வாழைக்கோ விடலாம், பைகளில் விட்டால் மூன்று நான்கு மாதத்தில் இலை ஓரம் கருகத் தொடங்கும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரைக் கீரைக்கு விடவே கூடாது. மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் அது போகட்டும்.

இனி நஞ்சு. இங்கே உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டியது என் கடமை. உங்கள் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காவிட்டால் அந்தக் காயில் பூச்சிமருந்து இருக்காது, இது உறுதி. ஆனால் நகரத்து மண்ணில் வேறு வகையான நஞ்சு இருக்கலாம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டு வரை விற்கப்பட்டது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. சாலை ஓர மண்ணிலும், பழைய சுவர்களை இடித்துக் கொட்டிய மண்ணிலும் அந்த ஈயம் இன்னும் இருக்கக்கூடும். ஈயம் மண்ணில் மக்கி மறைவதில்லை. உங்கள் பின்புறக் காலியிடம் கட்டுமானத்தின்போது இடிபாடு கொட்டிய இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே விதை வாங்குவதற்கு முன் மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பு, பேரூட்டச் சத்துகள்தான் வரும். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களைத் தனியே கேட்டு, அதற்கு வசதியுள்ள ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். கிழங்கும் கீரையும்தான் இதில் கவலைக்குரியவை. வெண்டை, கத்தரி, தக்காளி போன்ற காய்களுக்குள் ஈயம் மிகக் குறைவாகவே போகும். கீரையில் உள்ளே போவதைவிட இலைமேல் ஒட்டும் புழுதி பெரிய பங்கு. இலையை நன்றாக அலசுவதும், பாத்தியைச் சாலையிலிருந்து தள்ளி அமைத்து இடையில் உயிர்வேலி வைப்பதும் பலன் தரும். பரிசோதனையில் அளவு கூடுதலாக இருந்தால் அந்த மண்ணில் போடாமல், அதன்மேல் தடித்த விரிப்பிட்டு, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து ஒன்றரை அடி மேட்டுப்பாத்தி கட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். அந்தக் காலியிடம் உண்மையில் உங்கள் சங்கத்தின் பெயரில் இருக்கிறதா? பெரிய மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காட்டு நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுப்பது வழக்கம். சுவருக்குள் இருப்பதாலேயே அது நம்முடையது என்று எண்ணிக் கிணறு வெட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளாட்சி நிலம் என்றால் எழுத்து அனுமதி வாங்கி, வெளியே இருப்பவர்களுக்கும் தோட்டத்தில் இடம் கொடுங்கள்.

உரத்துக்கு நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. 320 பேர் வீடுகளிலிருந்து நாளொன்றுக்கு ஐம்பது அறுபது கிலோ ஈரக் கழிவு வரும். அது மக்கி நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ ஆனால்கூட ஆண்டுக்கு நான்கு டன் உரம். இரண்டு போகத்துக்கும் சேர்த்து எக்டேருக்கு ஐம்பது டன் தொழுவுரம் என்ற கணக்கில் உங்கள் 600 சதுர மீட்டருக்குத் தேவை மூன்று டன். அதாவது சமையலறையும் தோட்டமும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகின்றன. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளை ஈரக் கழிவை இயன்றவரை உள்ளேயே கையாளச் சொன்னவை. ஆனால் இங்கே தோற்றவர்களே அதிகம். ஒரு குடியிருப்பில் மூன்றாவது வாரம் என்னை அழைத்தார்கள். தொட்டி மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம். உள்ளே தர்ப்பூசணித் தோலும் சோறும் சாம்பார்க் கழிவும் கூழாகி மிதந்தன. காய்ந்த இலைச்சருகு ஒரு கைப்பிடி கூட இல்லை. அதே வளாகத்தின் தெருவில் வேப்பஞ்சருகைக் கூட்டி நெருப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு வாளி சருகு, வாரம் ஒருமுறை கிளறல், இருந்தால் கொஞ்சம் புளித்த மோர் அல்லது பழைய உரம் என்ற ஒரே மாற்றத்தில் பத்து நாளில் நாற்றம் அடங்கியது. மாசி, பங்குனியில் உதிரும் சருகைச் சாக்கில் கட்டி ஆண்டு முழுவதற்கும் சேமித்து வைப்பவர்கள் ஜெயிக்கிறார்கள்.

பூச்சியைப் பற்றி ஒரு சொல். 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாடு முழுவதும் பரவி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது நினைவிருக்கலாம். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. மருந்தடித்த தோட்டங்களில் அந்தக் குளவியும் செத்தது. எனவே ஒரு வீட்டுக்காரர் தன் தொட்டிக்கு மட்டும் கடையில் வாங்கிய மருந்தை அடித்தால் மற்ற 95 வீட்டின் உழைப்பும் கெடும் என்பதை முதல் கூட்டத்திலேயே எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசலும், மஞ்சள் ஒட்டுப்பொறியும், நோய் வந்த வெண்டையை உடனே பிடுங்கிவிடும் மனத்துணிவும் பெரும்பாலும் போதும்.

பணக் கணக்கு கேட்டீர்கள். நான்கு டன் விளைச்சலைச் சராசரி கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,60,000 ரூபாய். இந்த அளவுத் தோட்டத்துக்கு விடுமுறைக்கு ஊருக்குப் போகாத, செடியைத் தினமும் பார்க்கும் ஒருவர் வேண்டும். அவருக்கு மாதம் 12,000 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். அதற்குக் குறைத்துக் கொடுப்பது நியாயமும் இல்லை. ஆக, தோட்டம் தன் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கும்; லாபம் தராது. முதல் முதலீடு உங்கள் கையிலிருந்துதான். வீட்டுக்கு ஆள் முறை வைத்து ஊதியமில்லாமல் நடத்திவிடலாம் என்று தொடங்கிய தோட்டங்களில், பொங்கல் விடுமுறையைத் தாண்டி நின்றவை நான் பார்த்த வரையில் மிகச் சில. அதே சமயம், குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வருபவர்களிடம் பேசிப் பாருங்கள். கீரை விதையை மணலோடு கலந்து சீராகத் தூவுவது எப்படி என்று ஒரு குடியிருப்புக்கே கற்றுக்கொடுத்தவர், விழுப்புரம் பக்கத்து ஊரிலிருந்து பிழைக்க வந்து, அங்கே மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்த அம்மாதான். பிறகு அவரே மாதச் சம்பளத்துக்கு அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். வாரம் இரண்டு கட்டுக் கீரை அவர் வீட்டுக்கும் போனது.

இப்போது தோட்டம் தராத மீதிக் காய். வீட்டுக்கு வாரம் ஐந்து கிலோ காய் என்றால் 96 வீட்டுக்கு 480 கிலோ, ஆண்டுக்கு 25 டன். ஒரு ஏக்கர் ஒரு போகத்தில் எட்டு முதல் பத்து டன் தரக்கூடியது. ஆளுக்கு அரை ஏக்கர் ஒதுக்கும் நான்கைந்து உழவர்கள் முறைவைத்துப் பயிரிட்டால் உங்கள் தேவையில் பெரும்பகுதி கிடைத்துவிடும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் 1970களில் தாய்மார்கள் இதே கவலையோடு உழவர்களிடம் நேரே போய்ப் பேசித் தொடங்கிய முறையை தெய்கெய் என்கிறார்கள்: விளைந்ததை விளைந்தபடி எடுத்துக்கொள்வது, விலையைப் பேசி முன்கூட்டியே ஒத்துக்கொள்வது, சில நாள் போய் நிலத்தில் கைகொடுப்பது. நம் பக்கத்தில் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையும் இடைத்தரகரை விலக்கியது. ஆனால் அங்கே வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் அடுத்த வாரத்துக்கான உறுதி எதுவும் இல்லை. உங்களால் அந்த உறுதியைக் கொடுக்க முடியும். கால் பங்குத் தொகையை விதைக்கும்போதே கொடுங்கள்; மழையில் அழிந்தால் நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்; வாரப் பையில் சுரைக்காய் மூன்றாவது முறையாக வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தடிக்கவில்லை என்பதை எப்படி நம்புவது? மத்திய அரசின் பங்கேற்பு உத்தரவாத முறையில் ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்துச் சான்று பெற வழி இருக்கிறது. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது மாதம் ஒரு ஞாயிறு நீங்கள் நேரே போய்ப் பார்ப்பது. மாடியில் ஒரு வருடம் கத்தரி வளர்த்தவருக்குத்தான், ஒரு புழு ஓட்டை கூட இல்லாத கத்தரிக்காயைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். 2020 மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு மொத்தச் சந்தை திருமழிசைக்குப் போனபோது, உழவரோடு முன்பே பழக்கம் வைத்திருந்த இரண்டு குடியிருப்புகளுக்கு ஒரு வாரம் கூடக் காய் நிற்கவில்லை. அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

இதையெல்லாம் குடியிருப்புகள்தான் செய்ய வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டே நகரம் 1993இல், பாத்ருஸ் அனானியாஸ் மேயராக இருந்தபோது, உணவுக்கென்று நகராட்சியில் தனித் துறையே அமைத்தது. சுற்றுவட்டார உழவர்களுக்கு நகருக்குள் விற்பனை இடம், குறைந்த விலை உணவகம், பள்ளிச் சாப்பாடு, பள்ளித் தோட்டம் எல்லாவற்றையும் அது ஒரே கையில் பிடித்து நடத்தியது. செலவு நகரின் பட்ஜெட்டில் இரண்டு விழுக்காட்டுக்கும் கீழ். நம்மிடம் சத்துணவு, அம்மா உணவகம், உழவர் சந்தை, மாடித் தோட்டத் திட்டம் என்று உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றை ஒன்றாக இணைத்து, பக்கத்து மாவட்டத்து உழவரிடமிருந்து இந்த அடுப்புகளுக்கு நேரே காய் வரச் செய்தால் அதன் அளவு எந்தக் குடியிருப்புத் தோட்டத்தையும்விடப் பல மடங்கு பெரியது என்பது என் திடமான கருத்து.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற வாதத்தில் மட்டும் நிதானம் வேண்டும். அருகில் விளைந்தால் புகை குறையும் என்பது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. அமெரிக்காவில் 2008இல் வந்த ஓர் ஆய்வின்படி, உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு 11 விழுக்காடுதான். பெரும்பகுதி விளைவிக்கும்போதே வந்துவிடுகிறது. 2024இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தலைமையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 73 நகர்ப்புறத் தோட்டங்களை ஆராய்ந்து, ஒருவர் ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கான கரிம வெளியீடு வழக்கமான விளைச்சலைவிடச் சராசரியாக ஆறு மடங்கு என்று கண்டார்கள். முக்கியக் காரணம், சில ஆண்டுகளில் தூக்கிப் போடும் தொட்டி, பலகை, கொட்டகை. அவர்கள் இந்திய நகரங்களைச் சேர்க்கவில்லை. எனவே அந்த ஆறு மடங்கை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. காரணம் மட்டும் நமக்கும் பொருந்தும். இரண்டு ஆண்டில் வெயிலில் பொடியாகும் பைகளையும் பளபளப்பான இரும்புச் சட்டங்களையும் வாங்கிக் குவிக்காதீர்கள். பழைய வண்ண டப்பாக்களைத் தவிர்த்துவிட்டு, கிடைக்கும் மற்றப் பழைய கலன்களை, செங்கல்லை, மூங்கிலைப் பயன்படுத்துங்கள்.

எப்போது தொடங்குவது? ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் பொறியாளர் அறிக்கை, நில உரிமை, மண்ணும் கிணற்று நீரும் பரிசோதனை, உரத்தொட்டி ஆகிய நான்கையும் முடியுங்கள். முதல் ஆடியில் நாற்பது சதுர மீட்டர் கீரை மட்டும் போடுங்கள். பந்தலும் காயும் அடுத்த தைப்பட்டத்தில். உழவரிடம் பேசுவதை மட்டும் தள்ளிப்போடாமல் இப்போதே தொடங்குங்கள், முதலில் இருபது வீடுகளோடு. பரிசோதனை அறிக்கை வந்ததும் கார அமில நிலை, உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன், ஈயத்தின் அளவு ஆகிய மூன்று எண்களையும், மாடியில் காலை பத்து மணிக்கு எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். எந்தப் பாத்தியில் எது என்ற பட்டியலை அதைப் பார்த்த பிறகு போட்டுத் தருகிறேன்.